கணிப்பொறிக்கு உயிரூட்டல்

தமிழ் எழுத்துக்களை உயிர் என்றும் மெய் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். மெய் தானே இயங்குவதில்லை. உயிர் வந்து கூடியபோதே அஃது உயிர்மெய்யாய் இயங்குகின்றது. இப்பகுப்பு முறை கணிப்பொறிக்கும் நன்கு பொருந்தும். கையால் தொடக்கூடிய உறுப்புக்கள் எல்லாம் கணிப்பொறியின் மெய். அவற்றை வன்பொருள் என்பர். கட்டளைகளின் தொகுதியாய் நின்று அவ்வுறுப்புக்களை இயக்குவது அதன் உயிர். அதனை மென்பொருள் என்பர். மென்பொருள்களுள் தலைமையானது இயங்குதளம் ஆகும்.

இக்காலத்தில் மாணவர் பலர் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கிவந்து, வீட்டிலேயே கணிப்பொறியைக் கோத்து அமைக்கின்றனர். கடைத்தெருவில் மதர்போர்டு என்று வழங்கும் தாய்ப்பலகையில் செயலியைப் பொருத்துகின்றனர், நினைவகப் பலகைகளைச் செருகுகின்றனர், வட்டினை இணைக்கின்றனர், மின்வழங்கியின் கம்பிகளை உரிய இடங்களில் மாட்டுகின்றனர். பெட்டியை மூடியதும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து பொத்தானை அழுத்துகின்றனர். விசிறி சுழல்கின்றது, விளக்கு எரிகின்றது. ஆனால், தொடங்குதற்குரிய வட்டு எதுவும் காணப்படவில்லை என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டுமே கரிய திரையில் தோன்றுகின்றது.

அதனைக் கண்டு, "ஐயோ! கெட்டுவிட்டதே!" என்று மனம் உடைவாரும் உளர். மனம் உடைய வேண்டுவதில்லை. செயலியும் நினைவகமும் தாய்ப்பலகையும் திரையும் தத்தம் கடமையைச் செய்கின்றன என்பதற்கு அவ்வரியே சான்று ஆகும். மெய் அமைந்துவிட்டது, உயிர் இன்னும் வந்து கூடவில்லை. அவ்வுயிரை ஊட்டும் முறையையும், அவ்வமயம் நாம் மேற்கொள்ளவேண்டிய விழிப்பையும் இப்பாடத்தில் காண்போம்.

இயங்குதளத்தின் பணி

ஏரி நீர் ஊர்க்கெல்லாம் பொது. மேட்டு வயலுக்கு எத்துணை நாழிகை, பள்ளத்து வயலுக்கு எத்துணை நாழிகை என்று முறைவைத்து மடை திறப்பவன் ஒருவன் இல்லையேல், வலியவன் வயல் நிரம்பும். எளியவன் பயிர் காயும். கணிப்பொறியிலும் நிலைமை இதுவே. கடிதம் எழுத உதவும் நிரல் ஒன்று. பாடலை ஒலிக்கும் நிரல் ஒன்று. இணையத்திலிருந்து செய்தி கொணரும் நிரல் மற்றொன்று. இவை யாவும் ஒரே செயலியை, ஒரே நினைவகத்தை, ஒரே வட்டினை நாடி நிற்கின்றன. இவற்றிற்கு முறைவைத்துப் பங்கிட்டுத் தருவது இயங்குதளம். ஒவ்வொரு நிரலுக்கும் கண் இமைப்பதினும் குறுகிய பொழுதை மாறி மாறி வழங்குவதால், எல்லாம் ஒருங்கே நடப்பனபோல் நமக்குத் தோன்றுகின்றன. இப்பங்கீட்டை நடத்தும் நடுப்பகுதியைக் கெர்னல் என்பர். விதையின் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள்.

தொடக்க காலத்தில் வீட்டில் கணிப்பொறி அமைத்தோர்க்கு இவ்வுதவி இல்லை. அமெரிக்க நாட்டின் ஆல்புகர்க்கி நகரில் இருந்த எம்.ஐ.டி.எஸ். என்னும் நிறுவனம், 1975-ஆம் ஆண்டில் ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறியை உறுப்புத் தொகுதியாக விற்றது. வாங்கியோர் பற்றவைக்கும் கோலைக் கையிற்கொண்டு, தாமே அதனைக் கோத்தனர். அதனுடன் வந்த நினைவகம் 256 பைட்டு அளவினதே. 256 ஆங்கில எழுத்துக்களுக்கு மேல் அதனுள் அடங்கா. விசைப்பலகையும் திரையும் அதனுடன் வரவில்லை. முன்புறத்தில் வரிசையாய் அமைந்த ஆளிகளை மேலும் கீழும் தள்ளி, கட்டளைகளை ஒவ்வொன்றாகப் புகுத்தினர். மின்சாரம் நின்றால் புகுத்திய அனைத்தும் மறைந்துபோகும். மறுமுறை முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்று நாம் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் சில நொடிகளுள், அன்று அவர்கள் விரல் நோகச் செய்த வேலை அடங்கியிருக்கின்றது.

தன் தோளில் தானே ஏறுதல்

ஈண்டு ஓர் ஐயம் எழும். வட்டிலுள்ள இயங்குதளத்தைப் படித்து நினைவகத்தில் ஏற்றுதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை ஏற்றுவது யார்? தன் தோளில் தானே ஏறி நிற்கமுயல்வது போன்ற சிக்கல் அன்றோ இது?

இச்சிக்கலைத் தீர்க்கும் சிறு நிரல் ஒன்று தாய்ப்பலகையிலேயே ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றது. மின்சாரம் நின்றாலும் அது மறைவதில்லை. பயாஸ் என்பது அதன் பழைய பெயர். இப்போதைய தாய்ப்பலகைகளில் அதன் இடத்தை யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய அமைப்புப் பெற்றுள்ளது. பொத்தானை அழுத்தியதும் விழிப்பது இந்நிரலே. அது முதலில் உறுப்புக்களைச் சோதிக்கின்றது; பின்பு வட்டில் உள்ள தொடக்க ஏற்றி என்னும் மற்றொரு நிரலைத் தேடிப்பிடித்து, ஆட்சியை அதன் கையில் ஒப்படைக்கின்றது. தொடக்க ஏற்றி கெர்னலை நினைவகத்தில் ஏற்றித் தான் ஒதுங்குகின்றது. கெர்னல் ஏனைய நிரல்களை எழுப்புகின்றது. அஞ்சலோட்டத்தில் ஒருவன் கைக்கோலை அடுத்தவனிடம் தந்து விலகுதல் போன்றது இம்முறை. இவ்வரிசையை மனத்திற்கொண்டால், கணிப்பொறி நின்றுபோகும்போது எவன் கையிலிருந்து கோல் நழுவிற்று என்று எளிதில் அறியலாம்.

இயங்குதளத்தைத் தேர்தல்

இயங்குதளங்கள் பல உள. விண்டோஸ் என்பது பலரும் அறிந்தது. விலை கொடுத்து அதற்கு உரிமம் பெறவேண்டும். லினக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் பல விலையின்றிக் கிடைக்கின்றன. விலையின்மையினும் சிறந்த பண்பு ஒன்று அவற்றிற்கு உண்டு. அவற்றின் மூல நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இவ்வுரிமைகளை வலியுறுத்தி, ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1983-ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். லினக்ஸ் கெர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரண்டும் இணைந்து முழு இயங்குதளமாயின.

அவ்வழியில் 1993-ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்பார் தொடங்கியது டெபியன். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் அதனைப் பேணி வளர்த்து வருகின்றனர். இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் என்னும் இயங்குதளமும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. கற்கும் மாணவர்க்கு ஏற்ற டெபியனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, நிறுவும் முறையைக் காண்போம்.

முன்னேற்பாடுகள்

முதலாவது, மெய் நலமாக உள்ளதா என்று தேர்ந்து தெளிதல் வேண்டும். பொத்தானை அழுத்தியவுடன், தாய்ப்பலகையின் கையேட்டில் குறித்துள்ள விசையை அழுத்தினால் அமைப்புத் திரை தோன்றும். பெரும்பாலும் அது டெலீட் விசையாகவோ எஃப்2 விசையாகவோ இருக்கும். அத்திரையில் நினைவகத்தின் அளவும் வட்டின் பெயரும் காணப்படும். 8 கிகாபைட்டுப் பலகைகள் இரண்டைச் செருகியோர் அங்கே 16 கிகாபைட்டு என்று காணவேண்டும். 8 என்று மட்டும் காணின், ஒரு பலகை நன்கு அமரவில்லை என்பது பொருளாகலாம். மின்சாரத்தை நிறுத்தி, அதனை எடுத்து மீண்டும் செருகிப் பார்த்தல் வேண்டும். நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் நோக்குக.

இரண்டாவது, நிறுவு கோப்பைப் பெறுதல். வேறொரு கணிப்பொறியின் வாயிலாக டெபியனின் இணையதளத்திலிருந்து இதனை இறக்கிக்கொள்ளலாம். இணையத்தின் துணைகொண்டு நிறுவுதற்குரிய சிறு கோப்பு ஒரு கிகாபைட்டுக்கும் குறைவானதே; எஞ்சியவற்றை நிறுவும்போதே அது இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, ஒப்புநோக்குதல். ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தோர் மூலத்தோடு ஒப்புநோக்கியே படியைக் கைக்கொண்டனர். ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் பொருளே மாறிவிடும் என்பதை அவர்கள் அறிவர். இறக்கிய கோப்பும் ஒரு படியே; வழியில் அது பழுதுபட்டிருக்கலாம்; தீயோர் அதனை மாற்றியும் இருக்கலாம். கோடிக்கணக்கான எழுத்துக்களை உடைய அதனைக் கண்ணால் ஒப்புநோக்குதல் இயலாது. ஆதலின் அறிஞர்கள் சரிபார்ப்புத் தொகை என்னும் முறையைக் கண்டனர். எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கு முறைப்படி, எத்துணைப் பெரிய கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட ஒரு தொகை கிடைக்கும். கோப்பில் ஒரே ஒரு குறி மாறினாலும் தொகை முழுவதும் வேறுபடும். டெபியன் வெளியிட்டுள்ள தொகையும் நாம் கணித்த தொகையும் ஒத்திருந்தால் படி நல்ல படி. ஒவ்வாவிடின் அதனை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குதல் வேண்டும். இதற்குச் செலவாகும் நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்களை மிச்சப்படுத்தப் புகுந்து, பழுதுற்ற கோப்போடு பல மணிநேரம் போராடுதல் அறிவுடைமை ஆகாது.

நான்காவது, அக்கோப்பைப் பென்டிரைவில் பதித்தல். படங்களையும் பாடல்களையும் இட்டு வைப்பதுபோல் இதனை இட்டு வைத்தல் போதாது. அதற்குரிய நிரலைக் கொண்டு வட்டின் உருவமாகவே பதித்தல் வேண்டும். பதிக்கும்போது பென்டிரைவில் முன்பு இருந்தவை மறைந்துபோகும். ஆகவே, அவற்றை முன்னரே வேறிடத்தில் சேமித்துக்கொள்க.

நிறுவும் முறை

இனி, பென்டிரைவைப் புதிய கணிப்பொறியில் செருகி, அமைப்புத் திரையில் அதனையே முதலில் படிக்குமாறு பணித்தல் வேண்டும். கணிப்பொறி மீண்டும் எழும்போது நிறுவு நிரல் தோன்றும். வரைகலை முறையைத் தேர்ந்தால் மொழிப்பட்டியலில் தமிழையும் காணலாம். நிரல் ஒவ்வொரு வினாவாகத் தொடுக்கும். நாடு எது? விசைப்பலகை எவ்வகையது? இக்கணிப்பொறிக்கு நீர் இடும் பெயர் யாது? கடவுச்சொல் யாது? இவற்றுள் எதற்கேனும் விடை பிழைபட்டாலும் அஞ்சவேண்டுவதில்லை, பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால், அடுத்து வருவது வட்டினைப் பகுக்கும் கட்டம். இங்கே நேரும் பிழையைப் பின்னர்த் திருத்துதல் அரிது. ஆகவே, இதன் இயல்பைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

வெற்று வட்டு வரப்பிடாத நிலம் போன்றது. அதில் வரப்பிட்டுப் பாத்தி பிரிப்பதே பகுத்தல் ஆகும். தொடக்க ஏற்றிக்கு ஒரு சிறு பகுதி. இயங்குதளத்திற்கு ஒரு பகுதி. நினைவகம் போதாதபோது துணைநிற்கும் இடமாற்றுப் பகுதி ஒன்று. நம்முடைய கடிதங்களும் படங்களும் தங்குதற்கு இல்லப் பகுதி ஒன்று. இல்லப் பகுதியைத் தனியே பிரித்து வைத்தலால் பெரும்பயன் உண்டு. பிற்காலத்தில் இயங்குதளத்தை மாற்றி நிறுவ நேர்ந்தாலும், அப்பகுதியைத் தொடாது விட்டுவைக்கலாம்.

பாத்தி பிரித்தபின், ஒவ்வொன்றிற்கும் கோப்பு முறைமை என்னும் பதிவேடு அமைக்கப்படும். எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று அப்பதிவேடே காட்டும். பழைய வட்டில் புதிய பதிவேட்டைத் தொடங்கினால், பழைய பதிவேடு கிழிக்கப்பட்டதற்கு ஒப்பாகும். அவ்வட்டில் இருந்தவற்றை மீண்டும் தேடி எடுப்பது வல்லுநர்க்கும் அரிது, எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகை வட்டாயின் பெரும்பாலும் கைகூடாது.

புதிய வட்டுத்தானே, இதில் இழப்பதற்கு என்ன உண்டு என்று சிலர் கருதலாம். வீட்டில் கணிப்பொறி அமைப்போர் பலர், பழைய கணிப்பொறியிலிருந்த வட்டினையும் எடுத்துப் புதியதில் மாட்டுகின்றனர். பாட்டனாரின் படம், தங்கையின் முதற் பிறந்தநாள் படம், தந்தையாரின் கணக்குக்கள் எல்லாம் அதில் இருத்தல் கூடும். நிறுவு நிரலோ இரண்டு வட்டுக்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். அதன் பார்வையில் இரண்டும் வெறும் வட்டுக்களே. பாட்டனாரின் முகம் அதற்குத் தெரியாது. 1 டெராபைட்டு உள்ளது புதியது, 500 கிகாபைட்டு உள்ளது பழையது என்று அளவைக்கொண்டு பிரித்தறிய வேண்டியவர் நாமே. இதனினும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. நிறுவி முடியும்வரை பழைய வட்டின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுக. இல்லாத வட்டினை எக்கட்டளையும் அழிக்காது.

கட்டளையும் கருத்தும்

கணிப்பொறி கட்டளைக்குப் பணியும்; கருத்துக்குப் பணியாது. இவ்வுண்மையை லினக்சைப் படைத்த டோர்வால்ட்ஸின் வாழ்க்கையிலேயே காணலாம். அவர் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராய் இருந்தபோது, 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு கணிப்பொறியை வாங்கினார். அதில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை நிறுவினார். தொலைபேசி வழியே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்புகொள்ள மோடம் என்னும் கருவியைப் பயன்படுத்தினார். ஒருமுறை, மோடத்திற்கு அனுப்பவேண்டிய கட்டளையைத் தவறுதலாக வட்டிற்கு அனுப்பிவிட்டார். அவர் கருதியது தொலைபேசி எண்ணைச் சுழற்றுதல். வட்டோ வந்ததை அப்படியே தன்மேல் எழுதிக்கொண்டது. மினிக்ஸ் இருந்த பகுதியின் இன்றியமையாத இடம் அழிந்தது. அதன்பின் அவர் மினிக்சை மீண்டும் நிறுவாமல், தாம் எழுதிவந்த லினக்சையே முழுமைப்படுத்தத் துணிந்தார். அவர்க்கு அவ்வழிவு ஆக்கத்தில் முடிந்தது. எல்லார்க்கும் அங்ஙனம் முடியும் என்று எதிர்பார்த்தல் இயலாது.

டெபியனின் நிறுவு நிரலை அமைத்தோர் மனிதரின் இவ்வியல்பை நன்கு உணர்ந்தவர்கள். பகுக்கும் திட்டத்தை நாம் வகுத்து முடிக்கும்வரை வட்டில் எம்மாற்றமும் நிகழாது. எல்லாம் முடிந்தபின், செய்யப்போகும் மாற்றங்களை அந்நிரல் வரிசையாகக் காட்டி, இவற்றை வட்டில் எழுதலாமா என்று வினவும். ஆம், இல்லை என்னும் இரு விடைகளுள் முன்னரே தேர்ந்து வைக்கப்பட்டிருப்பது 'இல்லை' என்பதே. படிக்காமல் விசையை அழுத்துவோனை அச்சொல் தடுத்துக் காக்கின்றது. படித்து உணர்ந்தவன் மட்டுமே தன் கையால் 'ஆம்' என்பதற்கு மாற்றிக்கொள்கின்றான். அவ்விடத்தில் சற்றே நின்று, பட்டியலை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

நிறுவியபின்

ஒப்புதல் பெற்றதும் நிரல் தன் வேலையைத் தொடங்கும். கெர்னலும் ஏனைய நிரல்களும் வட்டில் இடம்பெறும். இறுதியில் தொடக்க ஏற்றி நிறுவப்படும். பென்டிரைவை எடுத்துவிட்டுக் கணிப்பொறியை மீண்டும் தொடங்கினால், கரிய திரையில் ஒற்றை வரி நின்ற இடத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரை தோன்றும். மெய்யோடு உயிர் கூடிவிட்டது.

இதன்பின்னும் செய்யத்தக்கன சில உள. இயங்குதளத்தைப் புதுப்பித்து, அதில் காணப்பட்ட குறைகளுக்குரிய திருத்தங்களைப் பெறுதல் ஒன்று. எல்லா அதிகாரமும் உடைய தலைமைப் பயனராக எப்போதும் உலவாமல், அன்றாட வேலைகளைப் பொதுப் பயனராக இருந்து செய்தல் மற்றொன்று. உழவன் கதிர் அறுத்தவுடன் விதைநெல்லைத் தனியே எடுத்துவைப்பான். அதுபோல், இன்றியமையாத கோப்புக்களைப் படியெடுத்து வேறொரு வட்டில் வைத்தல் பிறிதொன்று. நிறுவியபோது அளித்த விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் அடுத்த முறைக்கு உதவும்.

மாணவர்களே! ஒரு பொறி நாம் ஏவியதைச் செய்யும். ஏவியது தக்கதா என்று அது நமக்காக ஆராய்வதில்லை. அது கேட்கும் வினாவைப் பொருள் உணர்ந்து படித்து, விளைவை எண்ணி விடையளித்தல் நம் கடன். அங்ஙனம் விடையளிக்கக் கற்றவர்க்குக் கணிப்பொறி சோர்வறியாத பணியாளாய் நின்று உதவும். வினாவைப் படியாமல் 'ஆம்' என்போர்க்கு, அதே பணியாள் அவர் அரிதிற் சேர்த்தவற்றை ஒரு நொடியில் அழித்துத் தந்துவிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்துநிற்கும்.